ஒரு சிவப்பு மச்சத்தின் வரலாறு



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் மணி அடித்த பிறகும் பாடம் நடத்துவேன் என்று நீங்கள் என்னைக் கேலி செய்வது எனக்குத் தெரியும். இன்று அந்தப் பத்து நிமிடத்தை மறுபடியும் கேட்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

சென்ற மாதம் என் தம்பி மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். குழந்தையின் நெற்றியில் ஒரு பக்கமாக, மேல் இமை வரைக்கும், பீட்ரூட் தண்ணீர் சிந்தியது போல ஒரு சிவப்பு. குழந்தையின் அம்மா, அப்பா இருவரிடமும் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

பார்க்க வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? "கிரகணத்தன்னிக்கு வெளிய வந்தியாம்மா?" என்றார் ஒருவர். "மாசமா இருக்கும்போது எதுக்கோ ஆசைப்பட்டிருக்கா, அது கிடைக்கல" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் ஆறுதலாகப் பேசினார்: "எங்க பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் செவப்பா இருந்துச்சு. அஞ்சு வயசுல தானா மறைஞ்சுபோச்சு. டாக்டர்கிட்டல்லாம் அலையாதீங்க." அன்று அந்த வீட்டில் சொல்லப்பட்டவற்றிலேயே ஆபத்தானது இந்த ஆறுதல்தான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எல்லோரும் போன பிறகு அந்தப் பெண் என்னிடம் கேட்டாள்: "பெரியப்பா, நான் என்ன தப்பு பண்ணேன்?"

நான் வரலாற்று வாத்தியார். மருத்துவன் அல்ல. ஆனால் இந்தக் கேள்விக்கே ஒரு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இந்த மூன்று வாரமாகப் படித்தேன்.

தாயைக் குற்றம் சொல்வது நம் ஊர் வழக்கம் மட்டும் அல்ல. பிரெஞ்சு மொழியில் பிறவி மச்சத்துக்கு 'ஆன்வி' என்று பெயர். ஆசை என்று பொருள். இத்தாலியிலும் 'வோல்யா', அதே பொருள்தான். ஜெர்மன்காரர்கள் 'தாய்க்குறி' என்கிறார்கள். கர்ப்பிணி எதற்கோ ஏங்கினாள், எதையோ பார்த்துப் பயந்தாள், அது குழந்தையின் தோலில் பதிந்துவிட்டது என்று ஐரோப்பாவில் படித்தவர்களே நம்பினார்கள். ஆங்கிலத்தில் தோல் நோய்களைப் பற்றி வந்த முதல் பெரிய நூலை 1714இல் எழுதிய டேனியல் டர்னர் என்ற லண்டன் மருத்துவரும் அதை நம்பினார். 1727இல் ஜேம்ஸ் பிளாண்டல் என்ற இன்னொரு மருத்துவர், தாயின் கற்பனைக்குக் குழந்தையின் உடலில் குறி போடும் சக்தி கிடையாது என்று தன் பெயர் போடாமல் ஒரு நூல் வெளியிட்டார். இருவருக்கும் இடையே காரசாரமான சண்டை நடந்தது. ஏறக்குறைய முந்நூறு வருஷத்துக்கு முன்னால் லண்டனில் நடந்த அந்த விவாதம், போன மாதம் எங்கள் வீட்டுத் திண்ணையில் மறுபடியும் நடந்தது. இந்த முறை பிளாண்டல் பக்கம் பேச ஆளில்லை.

இந்த மச்சத்துக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் 'போர்ட் ஒயின் கறை'. போர்த்துகல் நாட்டுச் சிவப்பு ஒயினின் நிறம். தோலுக்குள் இருக்கிற தந்துகிகள், அதாவது மயிரிழை போன்ற இரத்தக் குழாய்கள், பிறவியிலேயே அளவுக்கு மீறி விரிந்திருப்பதால் வரும் சிவப்பு அது. ஆயிரம் குழந்தைகளில் சுமார் மூன்று பேருக்கு இருக்கும். பெரும்பாலோருக்கு அது தோலோடு நின்றுவிடும். ஆனால் நெற்றியிலும் மேல் இமையிலும் இருக்கும்போது சிலருக்கு அது தோலோடு நிற்பதில்லை. அந்த அரிய நிலையை முதலில் புரிந்துகொண்டவர் வில்லியம் ஆலன் ஸ்டர்ஜ்.

ஸ்டர்ஜ் 1850இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், ஒரு குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். பாரிஸில் புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர் ஷார்கோவிடம் பயின்றார். அவருடைய மனைவி எமிலி போவெலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1869இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கப் போராடி இடம் பிடித்த 'எடின்பரோ எழுவர்' என்ற பெண்களில் அவரும் ஒருவர். 1870 நவம்பரில் தேர்வெழுதப் போன அந்தப் பெண்கள் மேல் ஒரு கும்பல் சேற்றை வாரி வீசியது. கடைசியில் பட்டம் கொடுக்கவும் பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது. எமிலி பாரிஸுக்குப் போய் 1877இல் பட்டம் வாங்கினார். அந்த எழுவரில் இன்னொருவரான எடித் பீச்சி 1883இல் பம்பாய்க்கு வந்து, அங்கே காமா மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றவர். நம் நாட்டுப் பெண்கள் மருத்துவப் படிப்புக்குள் நுழைந்த கதையோடு சம்பந்தப்பட்டவர்கள் இவர்கள்.

1879இல் லண்டன் கிளினிக்கல் சொசைட்டி கூட்டத்தில் ஸ்டர்ஜ் ஆறரை வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி விவரித்தார். முகத்தில் ஒரு பக்கம் ஒயின் கறை. அதே பக்கத்துக் கண் பெரிதாகி, பாதிக்கப்பட்டிருந்தது. வலிப்பு வந்தால் உடலின் எதிர்ப்பக்கம் வெட்டி இழுத்தது. மூளையின் வலது பாதி உடலின் இடது பக்கத்தையும், இடது பாதி வலது பக்கத்தையும் ஆள்கிறது என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஸ்டர்ஜ் கணக்குப் போட்டார். கறையும் கெட்ட கண்ணும் ஒரே பக்கம், வலிப்போ எதிர்ப்பக்கம். அப்படியானால் கறை இருக்கும் அதே பக்கத்து மூளையிலும் அதே மாதிரி ஒரு கறை இருக்க வேண்டும். முகத்தில் தெரிவதும், கண்ணுக்குள் நடப்பதும், மண்டைக்குள் மறைந்திருப்பதும் ஒரே நோய்.

இதை அவர் சொன்னபோது எக்ஸ்ரே இல்லை. ராண்ட்கன் அதைக் கண்டுபிடித்ததே 1895இல்தான். அந்தச் சிறுமியின் மண்டைக்குள் பார்க்க எந்த வழியும் இல்லை. ஆதாரம் இல்லை என்று பலர் ஏற்கத் தயங்கினார்கள். ஸ்டர்ஜ் சில ஆண்டுகளில் மனைவியோடு பிரான்ஸின் நீஸ் நகரத்துக்குக் குடிபோனார். எமிலி 1885இல் காசநோயால் இறந்தார். ஸ்டர்ஜ் பிற்காலத்தில் கற்காலக் கருவிகளைச் சேகரிப்பதில் இறங்கி, 1908இல் கிழக்கு ஆங்கிலியாவின் வரலாற்றுக்கு முந்தைய காலச் சங்கத்தின் முதல் தலைவரானார். அவர் சேர்த்த கல்லாயுதங்கள் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போயின. மேலே தெரிவதைப் பார்த்து உள்ளே புதைந்திருப்பதைச் சொல்லும் பழக்கம் அவரை விடவில்லை போலும்.

ஸ்டர்ஜ் நினைத்தது சரிதான் என்பதை மெல்ல மெல்லத்தான் உறுதி செய்தார்கள். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெர்லினில் கலிஷர் என்ற மருத்துவர், இறந்துபோன ஒரு குழந்தையின் மூளை உறையிலும் அதே இரத்தக் குழாய்க் கோளாறு இருந்ததைக் கண்டார். 1922இல் லண்டனில் ஃபிரெடரிக் பார்க்ஸ் வெபர் இத்தகைய நோயாளியின் மூளை மாற்றங்களை எக்ஸ்ரே மூலம் விவரித்தார். மறு ஆண்டில் அர்ஜென்டினாவின் டிமிட்ரி, அந்தப் படங்களில் மூளையின் மேற்பரப்பில் சுண்ணாம்பு படிந்து இரட்டைக் கோடுகளாகத் தெரிவதை எழுதினார். டிராம் தண்டவாளக் கோடுகள் என்று அவற்றுக்குப் பெயர். (சென்னையில் 1953 வரை டிராம் ஓடியது. வயதானவர்களைக் கேளுங்கள், தண்டவாளம் எப்படி இருந்தது என்று சொல்வார்கள்.) இந்த வெபர் அரிய நோய்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர். 99 வயது வரை வாழ்ந்தார். நோய்க்கு 'ஸ்டர்ஜ்-வெபர்' என்ற பெயர் நிலைத்தது.

இங்கே நிறுத்திவிட்டு என் கதைக்கு வருகிறேன்.

1988. நான் வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி. அவளுக்கு நெற்றியிலிருந்து கன்னம் வரை முகத்தில் பாதி கருஞ்சிவப்பு. கணக்கில் புலி. யாரோடும் அதிகம் பேசமாட்டாள். வகுப்பிலேயே இரண்டு தடவை வலிப்பு வந்தது. இரண்டு தடவையும் நான் என் சைக்கிள் சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தேன். எல்லோரும் செய்ததை நானும் செய்தேன். அவளுடைய ஒரு கண் மற்றதைவிடப் பெரிதாக இருக்கும். கரும்பலகையைப் பார்க்கத் தலையைத் திருப்பிக்கொள்வாள். "நேரா உக்காரு" என்று நான் அதட்டியிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு வரும்போது அந்தக் கண்ணில் பார்வை போய்விட்டது.

மச்சம், வலிப்பு, கண். மூன்றும் என் கண் முன்னால் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தன. அவை மூன்றும் ஒன்று என்று 1879இலேயே ஒருவர் சொல்லிவிட்டார். 109 வருஷத்துக்குப் பிறகும் எனக்குத் தெரியவில்லை. அவள் வீட்டாருக்கும் தெரியவில்லை. நான் மருத்துவன் இல்லைதான். ஆனால் "கண்ணை ஒரு தடவை காட்டிட்டு வாங்க" என்று அவள் அப்பாவிடம் சொல்ல மருத்துவப் பட்டம் தேவையில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். அப்போது சோவியத் தலைவர் கோர்பசேவின் படம் நாளிதழ்களில் அடிக்கடி வரும். ஒரு நாள் வகுப்பில் நடப்புச் செய்தி சொல்ல ஒரு பத்திரிகையை நீட்டிக் காட்டினேன். அந்தப் பெண் தானாக எழுந்தாள். அது வழக்கமே இல்லை. "சார், அவர் தலையிலயும் எனக்கு மாதிரியே இருக்கே?" என்றாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "உக்காரு, உக்காரு" என்றேன். அவள் சொன்னது சரி. கோர்பசேவின் தலையில் இருந்ததும் ஒயின் கறை வகை மச்சம்தான். அவர் பதவிக்கு வந்த புதிதில் வெளியான அரசாங்கப் படங்களில் அதை அழித்துவிட்டு அச்சிட்டார்கள் என்பதைப் பிற்பாடு படித்தேன்.

அந்த ஆண்டு வகுப்பு குரூப் போட்டோ எடுத்தபோது போட்டோகிராஃபர் அவளைக் கடைசி வரிசையின் ஓரத்துக்குப் போகச் சொன்னார், முகத்தைத் திருப்பியபடி நிற்கும்படி. நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் போட்டோ இன்னும் என்னிடம் இருக்கிறது. மாஸ்கோவில் படத்தைத் திருத்தியவனுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இனி, "தானா மறைஞ்சுபோகும்" என்ற ஆறுதலுக்கு வருவோம். அது முழுப் பொய் அல்ல, வேறொன்றைப் பற்றிய உண்மை. குழந்தைகளுக்கு வரும் சிவப்பு மச்சங்களை எல்லாம் மருத்துவர்களும் வெகுகாலம் ஒரே குடையின் கீழ்தான் வைத்திருந்தார்கள். 1982இல் பாஸ்டனில் ஜான் மல்லிகன், ஜூலி குளோவாக்கி என்ற இருவர் இரத்தக் குழாய்ச் சுவரின் செல்களை ஆராய்ந்து இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று, செல்கள் பெருகி வளரும் கட்டி. பெரும்பாலும் பிறந்து சில வாரங்களில் தலைகாட்டும், வேகமாக வளரும், பிறகு வருடக்கணக்கில் மெல்லச் சுருங்கும். மற்றொன்று, குழாய்களின் அமைப்பிலேயே உள்ள பிறவிக் கோளாறு. பிறக்கும்போதே இருக்கும், குழந்தையோடு வளரும், மறையாது. ஒயின் கறை இரண்டாவது வகை. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு இருந்தது முதல் வகையாக இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் சிவப்புதான். ஆனால் ஒன்றுக்குச் சொல்லும் ஆறுதலை மற்றதற்குச் சொன்னால் ஒரு கண்ணே போகும்.

மருந்தும் வேறுதான். பிரான்ஸின் போர்தோ நகரில், மூக்கில் அந்தக் கட்டி வகை இருந்த ஒரு குழந்தைக்கு இதயக் கோளாறுக்காக பிராப்ரனலால் என்ற பழைய மருந்தைக் கொடுத்தார்கள். மறுநாளே கட்டியின் நிறம் மங்கத் தொடங்கியது. இன்று கட்டிகளுக்கு அதுவே முக்கிய மருந்து. ஆனால் ஒயின் கறைக்கு அது மருந்தல்ல. வாட்ஸாப்பில் வரும் ஆலோசனையைப் படித்துவிட்டு யாரும் மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள்.

ஒயின் கறைக்கு மனிதர்கள் செய்து பார்த்த வைத்தியங்களைப் படித்தபோது நெஞ்சு பதறியது. உறைந்த கார்பன் டை ஆக்சைடால் சுட்டார்கள். தோலின் நிறத்தில் பச்சை குத்தினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் ரேடியம் வைத்தார்கள். பிரிட்டனில் தோரியம்-எக்ஸ் என்ற கதிரியக்கப் பொருளைக் குழந்தைகளின் முகத்தில் பூசினார்கள். கறை போனதோ இல்லையோ, கதிர்வீச்சு தன் வேலையைக் காட்டியது. அவர்கள் கெட்டவர்கள் அல்ல. குழந்தையின் முகத்தைச் சரிசெய்துவிட வேண்டும் என்ற அவசரம்.

லேசர் வந்தது 1960இல். சில ஆண்டுகளிலேயே அமெரிக்காவில் லியோன் கோல்ட்மேன் அதை மச்சங்களின் மேல் பயன்படுத்திப் பார்த்தார். அடுத்து வந்த ஆர்கான் லேசர் சுற்றியுள்ள தோலையும் சுட்டதால் பல பேருக்குத் தழும்பு விழுந்தது. 1983இல் பாஸ்டனின் ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் ஒரு யோசனையை வெளியிட்டார்கள். இரத்தத்தின் சிவப்பு எந்த நிற ஒளியை அதிகம் விழுங்குமோ அந்த நிற ஒளியை, வெப்பம் பக்கத்துத் தோலுக்குப் பரவ நேரம் கொடுக்காமல், கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவாக அடிப்பது. குழாய் மட்டும் வேகும், தோல் தப்பும். 1989இல் 35 குழந்தைகளுக்கு இந்த முறையில் சிகிச்சை செய்து வெளியான ஆய்வு, சின்னக் குழந்தைகளுக்கும் தழும்பு விழும் பயம் குறைவு என்று காட்டியது. பல முறை செய்ய வேண்டும், முழுக்க மறையும் என்று உத்தரவாதம் இல்லை. மூளைக்கும் கண்ணுக்கும் அது மருந்தல்ல. அவற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

இனி என் தம்பி மகளின் கேள்விக்குப் பதில்.

2013இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் கென்னடி கிரீகர் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் இதன் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். 'ஜிஎன்ஏக்யூ' என்ற மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. ஆய்வுக்கு வந்த ஸ்டர்ஜ்-வெபர் நோயாளிகள் 26 பேரில் 23 பேரிடம் அந்த மாற்றம் இருந்தது. நோய் இல்லாமல் கறை மட்டும் இருந்த 13 பேரில் 12 பேரிடமும் அதே மாற்றம். ஸ்டர்ஜ் சொன்ன 'ஒரே நோய்' 134 வருஷம் கழித்து எழுத்துப் பிழையாகவே அகப்பட்டது.

முக்கியமானது இதுதான். அந்தப் பிழை அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ வந்ததல்ல. கரு உருவான பிறகு, வளரும்போது, ஏதோ ஒரு செல் தன்னைப் பிரதியெடுக்கும்போது தற்செயலாக நேர்ந்தது. அந்தச் செல்லின் வழி வந்த செல்களில் மட்டும் இருக்கும். நாம் நோட்டுப் புத்தகத்தில் பார்த்து எழுதும்போது ஓர் எழுத்து தவறுவதில்லையா, அது போல. கிரகணம் காரணமல்ல. சாப்பிட்டது, சாப்பிடாதது, பார்த்தது, பயந்தது எதுவும் காரணமல்ல. குடும்பத்தில் வழிவழியாக வருவதும் அல்ல. அம்மா, நீ எந்தத் தப்பும் பண்ணவில்லை.

குழந்தை பிறந்த அந்த வாரமே கண் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள் என்று நச்சரித்தேன். போனார்கள். ஒரு கண்ணில் அழுத்தம் கூடியிருக்கிறது. அடுத்த வாரம் சிறிய அறுவை சிகிச்சை. சீக்கிரம் வந்தது நல்லது என்றாராம் மருத்துவர். மூளையைப் பற்றி இன்னும் முழுதாகத் தெரியாது. ஸ்கேன் எடுக்க வேண்டும், வலிப்பு வருகிறதா என்று கவனிக்க வேண்டும். வராமலே போகலாம், வரவும் வரலாம். உறவினர்களுக்கு என் வேண்டுகோள்: பார்க்கப் போகிறவர்கள் கிரகணத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். மற்ற குழந்தைகளைக் கொஞ்சுவது போல இந்தக் குழந்தையையும் கொஞ்சுங்கள்.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு: வகுப்பில் யாருக்காவது வலிப்பு வந்தால் சாவியும் வேண்டாம், இரும்பும் வேண்டாம், வாயில் எதையும் திணிக்கவும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் உடனே மருத்துவமனை. முகத்தில் இப்படி ஒரு குறியோடு குழந்தை வந்தால், கண்ணைக் காட்டினார்களா என்று பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இதை எழுதும் முன் அந்த மாணவியின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். இப்போது அவள் பிள்ளைகளே கல்லூரியில் படிக்கிறார்கள். மளிகைக் கடை வைத்து, கணக்கெல்லாம் அவள்தான் பார்க்கிறாள். சாவிக்கொத்து, கோர்பசேவ், போட்டோ எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "போட்டோ எனக்கும் ஞாபகம் இருக்கு சார்" என்றாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லாதது நியாயம்தான்.

எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க சார். பேர் மட்டும் வேண்டாம்" என்றாள். பிறகு அவளே கேட்டாள்: "அந்தப் பாப்பாவுக்குக் கண்ணைக் காட்டிட்டீங்களா?"

காட்டிவிட்டோம், அம்மா.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்